டீச்சரின் பெயரில் மண்டபம் கட்டப்போகிறவர்களுக்கு

அன்புள்ள பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

எங்கள் உடற்கல்வி டீச்சர் இந்த வருடத்தோடு 60 வயது முடிந்து ஓய்வுக்குப் போகிறார். அவருக்குச் சேவை நலன் பாராட்டு விழா எடுப்பது, ஒரு நினைவு மலர் போடுவது, மைதானத்தில் அவர் பெயரில் பார்வையாளர் மண்டபம் ஒன்று கட்டுவது என்று தீர்மானம் எடுத்திருக்கிறீர்கள். மண்டபத்தின் மாதிரிப் படத்தையும் நன்கொடைப் பட்டியலையும் வட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். நன்கொடை தர நான் தயார். ஆனால் அந்தக் காசு எதற்குப் போக வேண்டும் என்பதில் எனக்குப் பேச்சு இருக்கிறது. குழுவில் எழுதினால் இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் ஒரு மரண அறிவித்தலும் வந்து எல்லாம் மேலே போய்விடும். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி மடலாக எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரையோ டீச்சரின் பெயரையோ இங்கே போடவில்லை. உங்களுக்கு இரண்டும் தெரியும். வெளியில் யாராவது படித்தால் தங்கள் பாடசாலையின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். மலையகத்தில் ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் பல இடங்களுக்குப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். நான் டீச்சரிடம் 800 மீற்றர் ஓடியவள். இப்போது தோட்டப் பகுதியில் குடும்ப சுகாதார உத்தியோகத்தர். தோட்டத்து ஆட்களுக்கு மிட்வைஃப் மிஸ்.

முதலில் மண்டபப் பேச்சை முடித்துவிடுகிறேன். படத்தில் அது நிற்பது சவுக்கு மரங்களுக்குக் கீழே, மைதானத்தின் பள்ளப்பக்க மூலையில். சும்மா கிடக்கிற புல் என்று நினைத்திருப்பீர்கள். 100 மீற்றர் ஓட்டம் முடிகிற கோட்டுக்கு நேர் பின்னால் இருப்பது அந்தப் புல்தான். ஓடிவருகிற பிள்ளை கோட்டைத் தொட்டதும் பிரேக் போட்டு நிற்காது. சர்வதேச அளவுகளிலேயே முடிவுக்கோட்டுக்கு அப்பால் குறைந்தது 17 மீற்றர் திறந்த வெளி வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் நான்கு வெள்ளைத் தூண் நிறுத்தினால், முதலாவதாக வருகிற பிள்ளை தூணில் மோதும், இல்லை தூணுக்குப் பயந்து 80 மீற்றரிலேயே வேகத்தைக் குறைக்கும். டீச்சரின் பெயரில் அப்படி ஒன்று நிற்க வேண்டுமா?

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைகளை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். நம் மைதானத்தின் பள்ளப்பக்க ஓரமும் அப்போதுதான் இறங்கியது. சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதைக் கேட்டுவிட்டீர்களா என்று தெரியாமல் என்னால் காசு கொடுக்க முடியாது. அந்த ஓரத்துக்கு இப்போது வேண்டியது மழைத்தண்ணீர் போக ஒரு கானும், மண்ணைப் பிடிக்கிற ஒரு கல் அணையும்.

மழைக்கு ஒதுங்கப் பெற்றோருக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். மேல்பக்கம், வகுப்பறை வரிசையை ஒட்டித் தகரம் இறக்கினால் போதும். அந்தப் பக்கம் கட்டுவதென்றால் பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் கட்டுங்கள். எங்கள் காலத்தில் ஒருத்தி உள்ளே உடை மாற்ற, இரண்டு பேர் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் வரவில்லை என்று இப்போது ஓடுகிற பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சரி, மண்டபப் பேச்சு போதும். மலருக்காக என்னிடம் "டீச்சரின் சாதனைப் பட்டியல்" கேட்டிருந்தீர்கள். கல்வி வலய மட்டத்தில் எத்தனை பதக்கம், மாகாணத்தில் எத்தனை, அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் எத்தனை, சேர் ஜோன் டார்பட் போட்டியில் எத்தனை என்று. அனுப்பிவைக்கிறேன். வலயப் பக்கம் நீளமாக இருக்கும், மாகாணம் அதைவிடக் குறைவு, தேசிய மட்டம் நாலைந்து வரியில் முடிந்துவிடும். அதைப் படிக்கிற ஒருவர், "இவ்வளவு வருடத்துக்கு இவ்வளவுதானா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் மலரில் இருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் உடற்கல்விக்கென்று நியமனமாகி வந்தவர் இல்லை. தமிழும் சமூகக் கல்வியும் படிப்பிக்க வந்தவர். புதிதாக வருகிற இளம் டீச்சரின் தலையில் விளையாட்டைக் கட்டுவது நம் பாடசாலைகளில் பழைய வழக்கம். அவர் தலையிலும் கட்டினார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் கழற்றி வைத்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். இவர் சனி, ஞாயிறுகளில் கொழும்புக்குப் பஸ் ஏறிப் போய்ப் பயிற்றுநர் வகுப்புகளில் உட்கார்ந்தார், விதிப் புத்தகம் வாங்கினார், விதி மாறும்போதெல்லாம் புதிதாகப் படித்தார். 2017 நவம்பரில் அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் வலயம் 20 மீற்றரிலிருந்து 30 மீற்றராக மாறியது. அடுத்த போட்டிக்கு நம் பிள்ளைகள் புதிய அளவில் பழகிப் போனபோது, பக்கத்துப் பாடசாலைக்காரர்கள் பழைய இடத்திலேயே அடையாளம் வைத்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் தானே போய் அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு அப்போது கோபம்.

மைதானம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒழுங்கான 400 மீற்றர் சுவடு எட்டு லேனோடு போட ஏறக்குறைய 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் உள்ள மட்டமான நிலம் வேண்டும். மலையில் அப்படி ஒரு நிலம் கிடைத்தால் தோட்டக் கம்பனி தேயிலை போட்டிருக்கும். நமக்கு வாய்த்தது மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு. அதில் 200 மீற்றர் சுவடுதான் போகும். நடுவில் முளை அடித்துக் கயிறு கட்டி, வளைவை டீச்சரே நடந்து நடந்து சுண்ணாம்பு போடுவார். எங்களில் யாராவது ஒருத்தி முளையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு முளை. "ஒரு லேன் அகலம் எவ்வளவு?" என்றார். 1.22 மீற்றர். "அதை இரண்டு பையால் (2π) பெருக்கு." மண்ணில் குச்சியால் பெருக்கினேன். 7.67 வந்தது. "ஒரு முழுச் சுற்று ஓடும்போது பக்கத்து லேன்காரி உன்னைவிட அவ்வளவு முன்னால் நின்று புறப்பட வேண்டும். மைதானம் பெரிசா, சின்னதா என்பது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது பார்" என்றார். வட்டத்தின் சுற்றளவு எதற்கு என்று எனக்கு விளங்கியது அங்கேதான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்ததில் அந்தச் சுண்ணாம்புக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது உடற்கல்விப் பாடவேளை வந்தால் "கணக்கு எடுக்கிறோம், பிள்ளைகளை விடுங்கள்" என்கிறார்களாம். போகட்டும்.

பயிற்சி மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். டீச்சருடைய வேலையில் பாதி அதற்குப் பிறகுதான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையை லயன் வீடு வரை கொண்டுபோய் விட வேண்டும். போகிற இடத்தில் பாட்டி வாசலில் உட்கார்ந்திருப்பார். "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு டீச்சர் ஓட்டமும் சாட்டமும்?" டீச்சர் உடனே பதில் சொல்ல மாட்டார். உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். மாமனார் வைத்தியம், மாட்டுக்குப் புல், அக்காவின் கலியாணம் எல்லாம் பேசி முடித்து, எழும்பும்போதுதான் "சனிக்கிழமை போட்டி, நானே கூட்டிப் போய் நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்பார். அந்த "நானே" இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டோம். பெண் ஒருத்தி கூட வருகிறார், இரவு தங்கினாலும் கூடவே படுக்கிறார் என்பதற்காகத்தான் அப்பாமார் விட்டார்கள். கொழும்பில் ஒரு பாடசாலை வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்து நாங்கள் படுத்திருக்க, டீச்சர் பாயைக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுப்பார். யாராவது கதவைத் திறந்தால் முதலில் அவரைத்தான் மிதிக்க வேண்டும்.

பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டால் ஓட்டம் நின்றுவிடுகிற வீடுகள் அன்று அதிகம். இன்றும் இல்லாமல் இல்லை. சடங்கு முடியும் வரை டீச்சர் பேசாமல் இருப்பார். சடங்குக்குப் போவார், தட்டில் காசும் வைப்பார். அடுத்த வாரம் அரைக்காற்சட்டைக்குப் பதிலாக முழங்காலைத் தாண்டுகிற காற்சட்டை ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு திரும்பவும் போவார். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதக்கம் எடுத்தார்கள் என்றால், மிகக் குறைவு. ஆனால் அவர்கள் பதினோராம் ஆண்டு வரை பள்ளிக்கூடம் வந்தார்கள். போட்டிக்குப் போகப் பாடசாலையில் பெயர் இருக்க வேண்டுமே, அதற்காகவேனும் வந்தார்கள். அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

அம்மாமார் பக்கமும் இருக்கிறது. போட்டியைப் பார்க்க ஒரு நாள் வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அந்த ஒரு பேர் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், 1,350 ஆனது 2024இல். அதனால் அம்மாமார் வருவது அபூர்வம். வந்த ஒன்றிரண்டு பேருக்கு டீச்சர் வெற்றி மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுப்பார். அதிதிகளுக்கென்று போட்ட கதிரையில். உங்களில் ஒருவர் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. பெயர் வேண்டாம்.

என் தொழிலை ஒட்டிய ஒரு விஷயம். கடைசிச் சுற்றில் கால் பாரமாகிவிடுகிற பிள்ளையைப் பார்த்தால் மற்றப் பயிற்றுநர்கள் "இன்னும் ஓடு" என்பார்கள். டீச்சர் கிட்டக் கூப்பிட்டுக் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். உள்பக்கம் வெளிறிப்போயிருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, கிளினிக்குக்குத் துண்டு. இரத்தத்தில் இரும்பு குறைந்த பிள்ளையை எவ்வளவு ஓட விட்டாலும் முன்னேற்றம் வராது, களைப்புத்தான் வரும். பாடசாலையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் வேலியோரம் வீசுவது அவருக்குத் தெரியும். அதனால் தன் முன்னாலேயே விழுங்க வைப்பார். அப்புறம் தேத்தண்ணி. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த எங்களிடம், "சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடி" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். இன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு நான் சொல்வதும் இதையேதான். இமையை இழுத்துப் பார்ப்பதும் அவரிடம் கற்றதுதான், என் பயிற்சிக் காலத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் சீ.ஆர். கொப்பிகள், தடித்த அட்டை போட்ட கொப்பிகள், ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கைக்கடிகார நேரம், அன்றைய மழை, சப்பாத்து அளவு, வீட்டில் யார் இருக்கிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மாதவிடாய்த் திகதி. அந்தத் திகதிக்கு ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் வைப்பார், வேறு யார் பார்த்தாலும் விளங்காது. புள்ளி விழுந்த நாட்களில் தடைதாண்டல் பயிற்சியைக் குறைத்து வேறு வேலை கொடுப்பார். வெளிநாட்டு அணிகள் இன்று செயலியில் செய்கிற வேலை இது. மலருக்கு அட்டைப்படம் தேடுகிறீர்கள் அல்லவா, அந்தக் கொப்பி ஒன்றின் மேலட்டையைப் போடுங்கள். உள்ளே மட்டும் காட்டாதீர்கள்.

நேர்மை பற்றியும் ஒரு வரி. ஒரு வருடம், 16 வயதுக்குக் கீழ் அஞ்சலோட்ட அணிக்கு ஒருத்தி குறைந்தது. தங்கையின் பிறப்புச் சான்றிதழில் அக்காவை ஓட விடலாம் என்று பெரியவர்களே யோசனை சொன்னார்கள். டீச்சர் அணியையே விலக்கிக்கொண்டார். மாகாணத்தில் நிச்சயமாக ஒரு பதக்கம் என்று எல்லோரும் எண்ணியிருந்த அணி. பட்டியல் கட்டையாக இருப்பதற்கு இப்படியும் காரணம் உண்டு.

மொழிக் காரணமும் உண்டு. பெரிய போட்டிகளில் ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் ஓட முடியாது. ஒருமுறை கடைசி அழைப்பு சிங்களத்தில் மட்டும் போனது. நம் பிள்ளை பத்தடி தள்ளிக் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் இலக்கத்தைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதப் பயிற்சி அங்கேயே முடிந்தது. டீச்சர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உடல் சூடாக்கும் ஓட்டத்தின்போது நாங்கள் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை சிங்களத்தில் எண்ணிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்றாகிவிட்டது. சண்டை போட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விழா மேடையில் ஒன்றைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "மலைக்காற்றில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மூச்சு இயற்கையிலேயே இருக்கிறது" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது அதிதி சொல்வார். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர். உயரத்தால் இரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வர அதைவிடக் கூடிய உயரம் வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், அங்கே கொஞ்சம் பேசலாம். கென்யாவின் இட்டென் 2,400 மீற்றர். அங்கேகூட உயரம் தானாக யாரையும் ஓட வைக்கவில்லை. 1976இல் அயர்லாந்திலிருந்து புவியியல் படிப்பிக்க வந்த கொல்ம் ஓ'கொனெல் என்கிற பாடசாலை ஆசிரியர் ஒருவர் அங்கேயே தங்கித் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பயிற்றினார். 800 மீற்றர் உலக சாதனைக்காரர் டேவிட் ருடிஷா அவரிடம் வளர்ந்தவர். மலையை மட்டும் புகழ்ந்தால் மாடாய் உழைத்த ஆசிரியர் காணாமல் போய்விடுகிறார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கண்டி மாவட்டத்தில் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி இருக்கிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் அந்தக் கல்லூரிப் பிள்ளை தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். 2002க்குப் பிறகு அந்த விழாவில் இலங்கைக்கு மெய்வல்லுநரில் கிடைத்த முதல் தங்கம் அது. அவருக்குப் பின்னால் அதே கல்லூரியில் நெடுங்காலமாகப் பயிற்சி கொடுத்து வருகிற சுசந்த பெர்னாண்டோ நின்றார். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி கோலூன்றிப் பாய்தலுக்குப் பெயர் எடுத்ததும், அங்கே படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனை வைத்ததும் இப்படித்தான். ஒரே இடத்தில், ஒரே ஆள், வருடக் கணக்காக நின்ற இடங்கள் இவை.

பெண்கள் அணிக்கே வாழ்நாளைக் கொடுத்த கல்லூரிப் பயிற்றுநர் என்றால் அமெரிக்காவின் எட் டெம்பிளைச் சொல்வார்கள். டெனசி மாநிலப் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட இடத்தில், 1950களின் தொடக்கத்திலிருந்து 1994 வரை இருந்தார். வில்மா ருடோல்ஃப் சிறுவயதில் போலியோ வந்து காலில் இரும்புப் பட்டை போட்டு நடந்தவர். அவர் பாடசாலையில் கூடைப்பந்து விளையாடியபோது நடுவராக நின்ற டெம்பிள்தான் அவரைக் கண்டெடுத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் அந்தப் பெண் மூன்று தங்கம் எடுத்தார். டெம்பிளிடம் ஓடிய 40 பேர் ஒலிம்பிக் போனார்கள். ஆனால் அவர் பதக்கத்தைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பட்டம் வாங்கினார்கள் என்பதை. நம் டீச்சர் பிள்ளைகளைக் கண்டெடுத்தது பஸ் தரிப்பிடத்திலும் பீலிக்கரையிலும். தண்ணீர்க் குடத்தோடு படி ஏறுகிறவளின் கணுக்காலைப் பார்த்தே, "நாளைக்கு மைதானத்துக்கு வா" என்பார்.

கொரோனாக் காலத்தையும் 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களையும் பற்றி எழுதினால் மடல் நீண்டுவிடும். அப்போதும் பிள்ளைகளின் கால் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். டீச்சர் போன மறுநாள் மூன்று மணிக்கு மைதானத்தில் யார் நிற்பார்? இந்தக் கேள்வி உங்கள் தீர்மானங்களில் எங்கேயும் இல்லை. வெற்றிடம் வந்த பிறகு வலயத்துக்கு எழுதலாம் என்று அதிபர் சேர் சொன்னதாகக் கேள்வி. வெற்றிடம் வந்த பிறகு எழுதினால், நிரப்புவதற்குள் இப்போது ஓடுகிற 14 வயதுப் பிள்ளைகள் பாடசாலையை விட்டே போயிருப்பார்கள். ஓய்வுத் திகதி எல்லோருக்கும் தெரிந்த திகதி. இந்தத் தவணையிலேயே எழுதுங்கள். உடற்கல்வி படித்த, முடிந்தால் பெண் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். ஏன் பெண் என்று வலயத்தில் கேட்டால், மேலே நான் எழுதிய கதவுக்குக் குறுக்கே படுத்த கதையைச் சொல்லுங்கள்.

நியமனம் தாமதமாகும். அதுவரைக்கும் பழைய மாணவிகளில் ஒருத்தியை உதவிப் பயிற்றுநராகப் போட்டு, பழைய மாணவர் சங்கம் மாதக் கொடுப்பனவு கொடுக்கலாம். மாகாண மட்டம் வரை ஓடிவிட்டு இப்போது கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள் இரண்டு பேரை எனக்கே தெரியும். ஊரிலேயே வேலை கிடைத்தால் வருவார்கள். டீச்சர் இருக்கும்போதே அவர்களில் ஒருத்தி கூட நின்று பழக வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் பாட்டியிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் கொப்பியில் பாதிதான் இருக்கும், மீதி டீச்சரின் தலைக்குள் இருக்கிறது.

கொப்பிகளை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், அவை அவருடையவை. அவர் சம்மதித்தால், சொந்த விவரங்களை விட்டுவிட்டு நேரங்களையும் பயிற்சி அட்டவணைகளையும் மட்டும் பிரதி எடுத்து வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் திறமைக்கான விசேட அனுமதி இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்குச் சான்றிதழ்களை ஒழுங்காக வைத்திருக்க யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். இதையும் இதுவரை டீச்சர்தான் செய்தார். விதிப் புத்தகத்தை யாரும் பூட்டி வைக்காமல் இருந்தால் சரி.

பாராட்டு விழாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்னாடை போடுங்கள், மாலை போடுங்கள். பேச்சாளர் பட்டியலை மட்டும் குறைத்துக்கொண்டு, அவரிடம் ஓடியும் பதக்கம் எடுக்காத நாலு பெண்களை மேடையில் ஏற்றுங்கள். ஒருத்தி கொழுந்து பறிக்கிறாள், ஒருத்தி முன்பள்ளி நடத்துகிறாள், ஒருத்தி வங்கியில் இருக்கிறாள். அழைத்து வருகிற பொறுப்பு என்னுடையது. கொழுந்து பறிக்கிறவளுக்கு அன்றைய பேருக்கான காசைச் சங்கம் கொடுக்க வேண்டும், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வலயத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை நானே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். செயலாளர் அண்ணனும் அதிபர் சேரும் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். மண்டபத்துக்கென்று என் பெயருக்கு நேரே நீங்கள் எழுதியிருக்கிற தொகையை அடித்துவிட்டு, உதவிப் பயிற்றுநரின் முதல் மாதக் கொடுப்பனவு என்று எழுதிக்கொள்ளுங்கள். காசை இந்த வாரத்துக்குள் பொருளாளர் அக்காவின் கையில் தருகிறேன், ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி